பீடிக்கட்டும் எக்ஸும்: ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி விகிதம் கற்ற விதம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணிதம் கற்பிக்கிறேன். 2024–25 கல்வியாண்டில் என் ஏழாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தியின் கற்றலை இரண்டு பருவங்களுக்குத் தொடர்ந்து குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதப்பட்டது இது. பெற்றோரின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். மாணவியின் பெயரும் ஊரும் தரப்படவில்லை. குடும்பத்தின் கூலித் தொகைகளும் மாற்றப்பட்டுள்ளன. கணக்குகளின் அமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் பருவத் தேர்வில் ஒரு கேள்வி: 8 மீட்டர் துணியின் விலை 240 ரூபாய் எனில் 5 மீட்டர் துணியின் விலை என்ன? அவள் எழுதியிருந்த விடை 237 ரூபாய். எட்டிலிருந்து ஐந்துக்கு மூன்று குறைகிறது. ஆகவே 240-லிருந்தும் மூன்றைக் குறைத்திருந்தாள். விகிதம் புரியாத பிள்ளைகள் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டலையும் கழித்தலையும் பிடித்துக்கொள்வது எல்லா நாட்டு வகுப்பறைகளிலும் காணப்படும் பிழைதான். நானும் அப்படியே எண்ணி, சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

அதே வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு, கூலிக்குப் பீடி சுற்றும் அவளுடைய அம்மா வந்தார். சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்ததால் கணக்குப் புத்தகம் கையில் இருந்தது. மகள் அதை வாங்கிப் பார்த்தாள். அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டவை 650 பீடிகள். ஆயிரத்துக்குக் கூலி 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் 150 ரூபாய் எழுதப்பட்டிருந்தது. "அம்மா, ஆறு ரூபா கம்மியா போட்டுக்கிறாங்க" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "ஐந்நூறுக்கு நூத்தி இருவது மிஸ், நூறுக்கு இருவத்தி நாலு, அம்பதுக்கு பன்னெண்டு. நூத்தி அம்பத்தாறு வரணும்" என்றாள். தாளும் பென்சிலும் இல்லாமல், மூச்சுவிடும் நேரத்தில் சொன்ன விடை அது. துணிக்கணக்கில் 237 என்று எழுதிய அதே பெண்.

அவள் பீடி சுற்றுகிறாளா என்பதைத்தான் முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சுற்றுவதில்லை, எண்ணுவதும் கணக்குப் பார்ப்பதும்தான் அவள் வேலை. புகையிலைத் தூள் படியும் வேலையில் பிள்ளையின் கை படக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு இந்த வேலையால்தான் எரிகிறது என்பதையும் மறைக்க முடியாது.

காட்சியும் கருதலும்

கண்ணுக்கும் கைக்கும் எட்டும் பொருளை முன்வைத்துச் சிந்திப்பதைப் பருப்பொருள் சிந்தனை என்றும், பொருளை விட்டு நீங்கிப் பண்பையும் உறவையும் குறியையும் கொண்டு சிந்திப்பதைக் கருத்தியல் சிந்தனை என்றும் சொல்கிறோம். நம் மரபில் அறிவைப் பெறும் வழிகளாகக் காட்சி, கருதல், உரை எனும் அளவைகள் சொல்லப்பட்டன. காட்சி என்பது நேரில் கண்டறிதல்; கருதல் என்பது கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்தல், புகையைக் கண்டு நெருப்பை அறிவதைப்போல. புகையைக் காணாமல் கருதல் தொடங்காது என்ற இந்தப் பழைய எடுத்துக்காட்டைப் பள்ளிக்கூடத்தில் நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் எண்ணம்.

ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்தது சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயின் வரிசை: ஏறக்குறைய 7 முதல் 11 வயது வரை பிள்ளை பொருள்களை வைத்தே தருக்கம் செய்யும்; அதன்பின் கருத்தியல் நிலைக்கு ஏறும். இந்த வரிசை எங்கள் பாடத்திட்டத்தின் எலும்புக்குள் இருக்கிறது. ஆரம்ப வகுப்புகளில் 2007 முதல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றலும், 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டமும் அட்டைகளையும் மணிகளையும் குச்சிகளையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தன. ஆறாம் வகுப்புக்கு வந்தவுடன் அவை எல்லாம் ஒரே நாளில் மறைந்து, கரும்பலகையில் எழுத்து மட்டும் மிஞ்சுகிறது. பதினொரு வயது ஆகிவிட்டதால் பிள்ளைகள் தாமாகவே ஏறி வந்துவிடுவார்கள் என்று நாம் நம்புகிறோம். பியாஜேயே 1972-இல் எழுதிய கட்டுரையில் கருத்தியல் நிலையை எல்லோரும் ஒரே துறையில் ஒரே வயதில் எட்டுவதில்லை, அவரவர் நாட்டமும் தொழிலும் சார்ந்த துறையில் 15 முதல் 20 வயதுக்குள் எட்டலாம் என்று தன் கணிப்பைத் திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் எங்கள் பயிற்சி நூல்களுக்கு வந்து சேரவில்லை.

வீட்டில் கணக்கு வருகிறது, தாளில் வரவில்லை என்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரு வியாபாரம் செய்த 5 சிறார்களை வைத்து நடந்து 1985-இல் வெளியான ஆய்வில், வியாபாரத்தின் நடுவே கேட்கப்பட்ட கணக்குகளில் 98.2 விழுக்காடு சரியாக இருந்தது. அதே வகைக் கணக்குகள் வெறும் எண்களாகத் தாளில் வந்தபோது 36.8 விழுக்காடுதான் சரி. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்டோர் 2025-இல் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் இதையே பெரிய அளவில் காட்டியது. அதோடு, பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுவதையும் காட்டியது. பாலம் இரண்டு பக்கமும் இல்லை.

அவளிடம் இருந்ததும் இல்லாததும்

அவளுடைய திறமையைக் கண்டு வியந்துபோய், இவளுக்கு விகிதம் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டியிருந்தால் நான் தவறியிருப்பேன். மதிய உணவு இடைவேளையில் நான்கு நாள்கள் அவளோடு உட்கார்ந்து, கேள்வியைச் சிறிது சிறிதாக மாற்றிக் கேட்டுப் பார்த்தேன்.

650, 725, 900 என்று 25-இன் மடங்குகளாகக் கேட்டவரை ஒரு பிழையும் இல்லை. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம் என்பது அவளுடைய விரல்களிலேயே இருந்தது. 637 பீடிக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அப்படி யாரும் குடுக்க மாட்டாங்க மிஸ், கட்டா இருந்தாதான் வாங்குவாங்க" என்றாள். இருக்கட்டும், ஒரு பேச்சுக்கு என்றேன். "பேச்சுக்குன்னா எப்படி மிஸ் சொல்றது?" என்று திருப்பிக் கேட்டாள். ஆயிரத்துக்கு 2 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள் என்றபோது, "அவ்ளோ கம்மிக்கு அம்மா சுத்தாது" என்றாள். எக்ஸ் பீடிக்கு எவ்வளவு என்றபோது, "எக்ஸுன்னா எத்தினி மிஸ்?" என்றாள்.

இந்த விடைகளை அறியாமை என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. 1931, 1932 ஆம் ஆண்டுகளில் ரஷ்ய உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் எழுத்தறியாத உழவர்களிடம் சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் சேராதது எது என்று கேட்டார். எதையும் விலக்க அவர்கள் ஒப்பவில்லை. கட்டை இல்லாவிட்டால் ரம்பத்துக்கு என்ன வேலை என்றார்கள். சிறிது காலமே பள்ளிக்குச் சென்றவர்கள் மரக்கட்டையை விலக்கி மற்ற மூன்றும் கருவிகள் என்று சொன்னார்கள். முன்னவர்களுடைய விடையும் வாழ்க்கையை நன்கு அறிந்த விடைதான். ஆனால் கேள்விக்குள் மட்டும் நின்று விடை சொல்வது, நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு அதன் விளைவைப் பின்தொடர்வது என்பது தனியாகக் கற்க வேண்டிய பழக்கம். "என வைத்துக்கொள்வோம்" என்ற ஒரு தொடரை நான் நாள்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தத் தொடரைக் கற்பித்ததாக எனக்கு நினைவில்லை.

நான்காம் நாள் அவள் சொன்ன ஒரு சொல் என்னை மிகவும் வருத்தியது. கூலிக் கணக்கை வாயால் போடுகிறாயே, அதை ஏன் தேர்வுத் தாளில் போடவில்லை என்று கேட்டேன். "அது சும்மா மிஸ், கணக்கு இல்ல" என்றாள். ஏழு ஆண்டுகள் பள்ளியில் இருந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கணக்கு அல்ல என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதில் என் பங்கும் உண்டு.

பொருளிலிருந்து குறிக்கு

முதல் வேலையாக அவள் வாயால் சொல்வதை அவள் சொல்லும் வரிசையிலேயே எழுதச் சொன்னேன். 500-க்கு 120, 100-க்கு 24, 50-க்கு 12, ஆக 156. வேறு எந்த வழிமுறையையும் அதன்மேல் ஏற்றவில்லை. பிறகு இரண்டு வரிசை கொண்ட அட்டவணை போட்டோம்: மேலே கட்டு, கீழே ரூபாய். 40 கட்டுக்கு 240, 20 கட்டுக்கு 120, 10-க்கு 60, 1-க்கு 6. அட்டவணையை நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்று, "எங்க பாத்தாலும் ஆறுதான் மிஸ் வருது" என்றாள். பாடநூலில் மாறிலி என்று சொல்லப்படுவது இதுதான் என்பதை அன்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அவளே அந்த ஆறைக் கொண்டு 26 கட்டுக்கு 156 என்று ஒரே பெருக்கலில் போட்ட பிறகுதான் பெயரைச் சொன்னேன். பெயர் அப்போது அவளுக்குத் தேவையாக இருந்தது.

அடுத்து இரண்டு இணைகோடுகள் வரைந்து, ஒன்றில் கட்டையும் மற்றதில் ரூபாயையும் குறித்தோம். செயல், படம், குறி என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் பிரித்துக் காட்டிய மூன்றில் நடுவிலுள்ளதை நாங்கள் வழக்கமாகத் தாண்டிவிடுகிறோம். இந்த மாணவிக்கு மிகவும் உதவியது அதுதான். கோட்டில் 8-ஐயும் 5-ஐயும் குறித்துத் துணிக்கணக்கைக் காட்டியபோது, 237 என்பது 240-க்கு எவ்வளவு அருகில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைக் கண்ணால் கண்டு, தானே அதை அடித்தாள்.

இதன்பின் நான் ஒரு பிழை செய்தேன். எழுத்தை அறிமுகம் செய்யும்போது அவளுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று, கட்டுகளின் எண்ணிக்கைக்கு "க" என்று வைத்து, கூலி = 6க என எழுதினேன். மறுநாள் அவள் நோட்டில் 6க என்பதற்குக் கீழே "ஆறு கட்டு" என்று எழுதியிருந்தது. எழுத்து அவளுக்கு எண்ணுக்குப் பதிலாக நிற்கவில்லை. கட்டின் பெயர்ச் சுருக்கமாகிவிட்டது. எழுத்தைப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை இங்கிலாந்தில் 1970-களின் ஆய்வுகளில் கணிதக் கல்வி ஆய்வாளர் டீட்மர் கூக்மன் விளக்கியிருக்கிறார். ஆப்பிளுக்கு ஆப்பிளின் முதலெழுத்து என்று கற்பிப்பதால் விளையும் கேடு அது. படித்திருந்தும் நானே அதைச் செய்தேன். வெறும் கட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் எந்த எண்ணும் வரலாம் என்று 1, 7, 26, 40 என எழுதி அழித்து எழுதினோம். அழிப்பதில் அலுத்துப்போன பிறகு கட்டத்துக்குப் பதில் எக்ஸ் வந்தது. எக்ஸுக்கும் பீடிக்கும் எந்த உறவும் இல்லை என்பதே இங்கே அதன் வலிமை.

பொருளே தடையாகும் இடம்

நவம்பரில் எல்லாம் கைகூடியதாகத் தோன்றிய நேரத்தில் ஒரு வரைபடக் கணக்குக் கொடுத்தேன். 1 செ.மீ. என்பது 30 கி.மீ. எனில், 150 கி.மீ. தூரம் வரைபடத்தில் எத்தனை செ.மீ.? அவள் 150-ஐ 25-ஆல் வகுத்து 6 என்றும், 6-ஐ ஆறால் பெருக்கி 36 செ.மீ. என்றும் எழுதினாள். தூரத்தையும் கட்டாகக் கட்டிவிட்டாள். விகிதம் அவளுக்குப் பீடியின் குணமாகத் தெரிந்ததே தவிர, இரண்டு அளவுகளுக்கு இடையிலுள்ள உறவாக இன்னும் தெரியவில்லை.

வரைபடமே அவளுக்குச் சிக்கல்தான் என்பதையும் அன்று அறிந்தேன். பாலாறு நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் கடந்து நம்மிடம் வந்து 222 கி.மீ. ஓடுகிறது என்று சமூக அறிவியல் வகுப்பில் படித்திருந்தாள். "மேப்புல நீலமா போட்டிருக்கு மிஸ், ஆனா அது மணல்தானே" என்றாள். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாட்டியோடு போய்ப் பார்த்திருக்கிறாள். மற்றபடி அவள் அறிந்த பாலாறு மணலும் கருவேலமும்தான். நீலம் என்பது தண்ணீரின் நிறம் அன்று, ஆற்றின் குறி என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரம் கணிதத்துக்குத்தான் செலவானது என்று இன்றும் நினைக்கிறேன்.

பருப்பொருள் எடுத்துக்காட்டு தூண்டிலும் ஆகலாம், முள்ளும் ஆகலாம். 2008-இல் காமின்ஸ்கி, ஸ்லோட்ஸ்கி, ஹெக்லர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணித விதியை வெறும் குறிகளால் கற்ற கல்லூரி மாணவர்கள், தண்ணீர்க் குவளை போன்ற எடுத்துக்காட்டுகளால் கற்றவர்களைவிட அதை வேறொரு சூழலுக்கு நன்றாக எடுத்துச் சென்றார்கள். இதைக் காட்டி, எடுத்துக்காட்டுகளே வேண்டாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. சோதனையின் அமைப்பே குறிகளுக்குச் சாதகமாக இருந்தது என்று மறுத்தவர்களும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன். எனக்கு அதிகம் உதவியது கிக், ஹோலியோக் இருவரின் 1983 ஆம் ஆண்டு ஆய்வு: ஓர் எடுத்துக்காட்டைப் படித்தவர்களைவிட, இரண்டை ஒப்பிட்டுப் பொதுவானதைச் சொன்னவர்களே புதிய சிக்கலில் அதைப் பயன்படுத்தினார்கள்.

ஆகவே பீடியோடு துணியையும், வரைபடத்தையும், சத்துணவுக் கூடத்து அரிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் மாறாத எண் எது என்று மட்டும் கேட்டேன். ஒன்றில் 6, ஒன்றில் 30. எண் வேறு, வேலை ஒன்று என்று அவள் சொல்ல மூன்று வாரங்கள் பிடித்தன. விகிதம் ஆகாதவற்றையும் நடுவே வைத்தேன். உனக்கு 12, தம்பிக்கு 9. உனக்கு 24 ஆகும்போது தம்பிக்கு எவ்வளவு? முதலில் 18 என்றாள். உடனே சிரித்து, "இல்ல மிஸ், இருவத்தொண்ணு, மூணு வருசம் எப்பவும் மூணுதான்" என்றாள். 237 என்ற விடையில் இருந்த கழித்தல் எந்த இடத்துக்கு உரியது என்பதை அவள் கண்ட நாள் அது. பேருந்துக் கட்டணத்தையும் கேட்க எண்ணியிருந்தேன். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவள் வாழ்க்கையில் இல்லாத கணக்கு என்பதால் விட்டுவிட்டேன்.

முழுக்களில் ஓர் எதிர்பாராத செய்தி கிடைத்தது. 3 × (−4) என்பதை மூவரிடம் நான்கு நான்கு ரூபாய் கடன் என்று எளிதாகப் பிடித்துக்கொண்டாள். (−3) × (−4) என்பதற்குக் கடன் தள்ளுபடி என்ற வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன். "யார் மிஸ் தள்ளுபடி பண்ணுவாங்க?" என்று கேட்டாள், அவள் வீட்டில் அப்படி ஒன்று நடந்ததில்லை. விளக்கத்தைக் கைவிட்டு, 3 × (−4) = −12, 2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0 என்று வரிசையை எழுதி, அடுத்து என்ன வரவேண்டும் என்றேன். ஒவ்வொரு படிக்கும் நான்கு ஏறுகிறது என்று கண்டு, 4, 8, 12 என்று தானே எழுதினாள். இங்கே பொருள் தடுமாற்றியது, வடிவம் கைகொடுத்தது. இவளைப் போன்ற பிள்ளைகளுக்குக் கருத்தியல் எட்டாது, பாட்டும் விளையாட்டும் போதும் என்று ஆசிரியர் அறைகளில் நல்ல மனத்தோடு சொல்லப்படுவதை அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை.

நம் மொழியிலேயே ஏறுபடிகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பின்னப் பெருக்கலில் 1/2 × 1/4 என்பதற்கு வகுப்பில் பலர் 1/6 என்று எழுதினார்கள். அரைக்கால் என்றால் என்ன என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். காலில் அரை, எட்டில் ஒன்று, ஆழாக்கு என்றால் படியில் அரைக்கால் என்று அவளுடைய பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். அரைக்கால் என்ற சொல்லே ஒரு பெருக்கல்தான் என்பதை வகுப்பு முழுவதும் அன்று கண்டது. திண்ணைப் பள்ளிகளில் முந்திரி, மா, காணி எனும் பின்னங்கள் வாய்ப்பாடாக ஓதப்பட்ட நாட்டில், பின்னம் இன்று அயலான பாடமாக இருப்பதற்குக் காரணம் பிள்ளைகள் அல்லர்.

மறு சோதனை

மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் பழைய தேர்வுத் தாளை எண்களை மாற்றாமல், பிறகு செய்த சில கணக்குகளையும் சேர்த்து, மீண்டும் கொடுத்தேன். துணிக்கணக்கில் முதலில் 30 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டமிட்டு, பிறகு 150 ரூபாய் என்று எழுதியிருந்தாள். வரைபடக் கணக்கு சரி. எக்ஸ் மீட்டருக்கு 30 எக்ஸ் ரூபாய். கடைசியில் 637 பீடிக் கணக்கையும் சேர்த்திருந்தேன். 637 × 240 ÷ 1000 = 152.88 என்று போட்டுவிட்டு, அடைப்புக்குறிக்குள், ஆனால் கம்பெனியில் 637 வாங்க மாட்டார்கள், 625 தான் கணக்கு, 150 ரூபாய் என்று எழுதியிருந்தாள். இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தேன்.

எதிர் விகிதம் இன்னும் நிலைபெறவில்லை. அம்மாவும் சித்தியும் பாட்டியும் சேர்ந்து நான்கு நாளில் முடிப்பதை, பாட்டிக்குக் கைவலி வந்தால் மற்ற இருவரும் ஆறு நாளில் முடிப்பார்கள் என்று வாயால் சரியாகச் சொல்கிறாள். தாளில் ஆள் குறைந்தால் நாளும் குறைகிறது. அட்டவணையிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறோம். இந்த முறை மாறாமல் இருப்பது வகுத்து வரும் எண் அன்று, பெருக்கி வரும் எண் என்பதை அவளே காணும்வரை நான் சொல்வதாக இல்லை.